சேர்வராயன் மலை மண்ணில் பழைய காசு கிடைத்தால்

ஏற்காட்டுத் தோட்டங்களில் பழைய காசு வெளியே வருவதற்கென்று சில சமயங்கள் உண்டு. காபிச் செடிக்கு ஒன்றரை அடிக் குழி வெட்டும்போது வரும். ஐப்பசி மழை பாதையோர மண்ணை அரித்துவிட்ட மறுநாள் கண்ணில் படும். தோட்டத் தொழிலாளர் குடியிருந்து இடிந்த லைன் வீட்டின் கடைக்காலைத் தோண்டும்போது கிடைக்கும். இப்போது இவற்றோடு மெட்டல் டிடெக்டரும் சேர்ந்துகொண்டது. இணையத்தில் ஒரு கருவியை வாங்கிக் காட்டுக்குள் போனால் காசு அள்ளலாம் என்ற எண்ணம் வீடியோக்களால் பரவியிருக்கிறது. அவற்றில் பல, இங்கிலாந்தின் உழவு நிலங்களில் எடுக்கப்பட்டவை. அங்கே நில உரிமையாளரின் அனுமதியோடு தேடலாம், மண்ணிலும் இரும்புத் தாது குறைவு. சேலத்தில் சட்டமும் வேறு, மண்ணும் வேறு.

முதலில் காட்டைப் பற்றி. சேர்வராயன் மலையில் காப்புக்காடாக அறிவிக்கப்பட்ட பகுதிகள் 1882ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டத்தின் கீழ் வருகின்றன. அங்கே அனுமதியின்றி நுழைவதே குற்றம், மண்ணைத் தோண்டுவது அதைவிடப் பெரிய குற்றம். கருவியோடு பிடிபட்டால் "சும்மா பார்க்க வந்தோம்" என்பது எடுபடாது. கற்திட்டை, கல்வட்டம், நடுகல், மலையாளிப் பழங்குடி மக்களின் கோயில் காடு ஆகியவற்றின் பக்கம் கருவியைக் கொண்டுபோகவே கூடாது. தண்டனைக்கு அஞ்சி மட்டும் இதைச் சொல்லவில்லை. அங்கே ஒரு கைப்பிடி மண் புரண்டாலும் ஈராயிரம் ஆண்டுச் சான்று கலைந்துவிடும். எஞ்சியிருப்பது பட்டா நிலம்: சொந்தத் தோட்டம், அல்லது உரிமையாளர் எழுத்தில் அனுமதி தந்த தோட்டம். அங்கும் கிடைப்பதெல்லாம் நம்முடையது ஆகிவிடாது. அதைப் பின்னால் பார்ப்போம்.

காசு எப்படி அங்கே வந்தது என்று தெரிந்தால்தான் எங்கே கிடக்கும் என்பது புரியும். சேலம் வட்டாரம் பல ஆட்சிகளைக் கண்ட நிலம். கொங்கு நாட்டின் மணிகளும் இரும்பும் ரோமானியரைக் கொண்டுவந்தன. வெள்ளலூரிலும் கரூரிலும் அவர்களின் காசுகள் கிடைத்திருக்கின்றன. பிறகு சோழர், விஜயநகரத்தார், மதுரை நாயக்கர், மைசூர் உடையார், ஹைதர், திப்பு என்று வரிசை நீள்கிறது. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் சேலமும் பாராமகாலும் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம்) கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போயின. மலைக்கு மேலே பணப்புழக்கம் பெருகியது 1820களில், கலெக்டர் காக்பர்ன் காபியைக் கொண்டுவந்த பிறகு. வாரக் கூலி, சந்தை, கணக்குப்பிள்ளையின் மேசை, சாராயக் கடை என்று சில்லறை கைமாறிய இடங்களில்தான் காசு விழுந்தது. மலை மேல் கிடைப்பதில் பெரும்பங்கு கம்பெனிக் காசும் விக்டோரியா முதல் ஆறாம் ஜார்ஜ் வரையிலான அணாக் காசுகளும்தான். அடர்ந்த காட்டின் நடுவே புதையல் இருக்கும் என்று நம்புகிறவர்கள் இதை யோசிப்பதில்லை. மனிதர் புழங்காத இடத்தில் காசு விழாது. பழைய குதிரைத் தடம், சுனையோரம், சுமைதூக்கிகள் இளைப்பாறிய சுமைதாங்கிக் கல், லைன் வீடுகளின் முன்வாசல் ஆகியவையே காசு கிடக்கும் இடங்கள்.

இனி மண். கருவி வேலை செய்யும் விதத்தைச் சொல்லிவிட்டால் சேலத்தில் அது ஏன் தடுமாறுகிறது என்பது விளங்கும். வட்டத் தட்டில் இரண்டு கம்பிச் சுருள்கள் இருக்கின்றன. ஒன்று மாறுமின்னோட்டத்தால் காந்தப்புலத்தை உண்டாக்கும். அந்தப் புலம் காசில் பட்டால் காசுக்குள் சுழல் மின்னோட்டம் பிறக்கும், அந்த ஓட்டம் தன் பங்குக்கு ஒரு சின்னப் புலத்தைத் திருப்பி அனுப்பும். அதை மற்றச் சுருள் பிடிக்கிறது. அனுப்பியதற்கும் திரும்பியதற்கும் இடையிலுள்ள கால நழுவலை வைத்துக் கருவி ஒரு எண்ணைக் காட்டும். வெள்ளியும் தடித்த செம்பும் உயர்ந்த எண், சிறு தங்கமும் அலுமினியத் தாளும் தாழ்ந்த எண், இரும்பு அதற்கும் கீழே. சாதாரணக் கருவிகள் 5 முதல் 20 கிலோஹெர்ட்ஸுக்குள் இயங்குகின்றன.

சேர்வராயன் மலையின் உடம்பு சார்னோகைட் பாறை. உச்சியில் செம்புரையும் பாக்சைட்டும் படிந்திருக்கின்றன. சார்னோகைட்டில் மேக்னடைட் என்ற காந்த இரும்புத் தாதுவின் துகள் உண்டு. செம்புரை மண்ணில் மேகமைட் என்ற மற்றொரு காந்த இரும்பு ஆக்சைடு உண்டு. கீழே வந்தால் கஞ்சமலையே மேக்னடைட் தாது மலைதான். பரங்கிப்பேட்டையில் 1830களில் ஹீத் என்ற ஆங்கிலேயர் நடத்திய இரும்பாலைக்குத் தாது போனது இந்தச் சேலத்திலிருந்து. அதற்கு வெகு காலத்துக்கு முன்பே ஊர்தோறும் உலை ஊதி இரும்பு உருக்கியிருக்கிறார்கள். அந்த உலைகளில் எஞ்சிய கசடான சிட்டம் இன்றும் வயல்களில் கருப்புக் கட்டியாகக் கிடக்கிறது. ஆக, மண்ணே கருவிக்கு உலோகம் போலப் பேசும். மேக்னடைட்டைக் கருவி ஓரளவு கழித்துவிடும். மேகமைட் அப்படியல்ல. அது காந்தமேறி இறங்குவதில் சற்றே தாமதிப்பதால் கருவி அதைக் கடத்தும் உலோகம் என்று எண்ணிவிடுகிறது. காட்டுத்தீ பட்ட மண்ணிலும் பழைய அடுப்படியிலும் இந்தத் தொல்லை இரட்டிப்பாகும். சூட்டில் மண்ணின் காந்தத் தன்மை கூடுவதே காரணம்.

தொடங்குமுன் ஒரு சிறு காந்தத்தைப் பாலித்தீன் பையில் கட்டி மண்ணில் புரட்டிப் பாருங்கள். கருப்பு மணல் மீசை போல ஒட்டினால் கருவியை அதற்கேற்ப மாற்ற வேண்டும். உலோகம் இல்லாத ஓர் இடத்தில் தட்டைத் தரையிலிருந்து 2 செ.மீ. உயரத்துக்கும் 25 செ.மீ. உயரத்துக்கும் மாறி மாறி ஏற்றி இறக்கி, சத்தம் மாறாத நிலைக்கு மண் சமநிலையை (மண்ணின் சத்தத்தைக் கழிக்கும் அமைப்பை) பூட்டுங்கள். மலையில் ஐம்பது அடிக்கு ஒருமுறை இதைத் திரும்பச் செய்ய நேரலாம். செம்மண்ணிலிருந்து பாறைச் சரிவுக்குப் போனாலே சமநிலை கலைந்துவிடும். அடுத்தது பலருக்கு நம்பச் சிரமமான விஷயம்: உணர்திறனைக் கூட்டாதீர்கள், குறையுங்கள். தாது மண்ணில் உணர்திறனைக் கூட்டினால் மண்ணின் சத்தம்தான் கூடும், காசின் சத்தம் அதில் அமுங்கிப்போகும். 11 அங்குலத் தட்டுக்குப் பதில் 6 அங்குலத் தட்டு போடுங்கள். ஒரே சமயத்தில் குறைந்த மண்ணைப் பார்ப்பதால் அதற்குக் குழப்பம் குறைவு. 25 மி.மீ. செம்புக் காசு நல்ல மண்ணில் 15 முதல் 20 செ.மீ. ஆழம் வரை தெரியும். மேக்னடைட் மண்ணில் பாதி தெரிந்தாலே பெரிது. பணம் என்று பெயர்கொண்ட 6 மி.மீ. அகலத் தங்கக் காசு என்றால் மேலே இரண்டு மூன்று விரற்கடை ஆழம்தான், அதுவும் உயர் அதிர்வெண் கருவிக்கு மட்டும்.

சத்தம் கேட்டவுடன் தோண்டக் கூடாது. அந்த இடத்தைச் சுற்றி 90 பாகை திரும்பி நின்று மறுபடி வீசிப் பாருங்கள். காசு வட்டமானது, எந்தப் பக்கமிருந்து வந்தாலும் எண் ஏறக்குறைய மாறாது. ஆணி ஒரு பக்கம் கத்தும், மறு பக்கம் உடைந்த சத்தம் தரும். சூட்டுக்கல் என்று சொல்லப்படும் தாதுக்கல்லைக் கண்டுபிடிக்கத் தட்டை 5 செ.மீ. உயர்த்தினால் போதும். காசின் சத்தம் மெல்ல மங்கும், கல்லின் சத்தம் சட்டென்று அறுந்துவிடும். பெரிய இரும்புத் துண்டு, குறிப்பாகத் துருவேறிய லாடம், சில சமயம் வெள்ளிக் காசு போலவே உயர்ந்த எண்ணைக் காட்டி ஏமாற்றும். ஒரு எண்ணைப் பார்த்ததும் இது வெள்ளி ரூபாய்தான் என்று துள்ள வேண்டாம்.

சோதனைக்கு இப்போதைய ஒரு ரூபாயைப் புதைத்துப் பார்ப்பவர்களும் ஏமாறுவார்கள். இன்றைய ஒரு ரூபாயும் இரண்டு ரூபாயும் காந்தம் ஒட்டும் துருப்பிடிக்காத எஃகு, அவற்றைக் கருவி இரும்புக் கணக்கில் தள்ளும். சோதனைக்குப் பழைய செம்புக் காலணா ஒன்றை வாங்கி 10 செ.மீ. ஆழத்தில் புதைப்பதே சரி. அப்போதும் புதிதாகக் கிளறிய மண்ணில் சத்தம் சற்று மந்தமாக இருக்கும் என்பதை மனத்தில் வையுங்கள்.

தோண்டுவது என்று முடிவானால், மண்வெட்டி வேண்டாம், கைக்கரணை போதும். சத்தத்தின் மையத்திலிருந்து ஒரு சாண் தள்ளி வட்டமாக வெட்டி, மண்ணைக் கட்டியாகப் பெயர்த்து ஒரு சாக்கின் மேல் வையுங்கள். அராபிகாக் காபிச் செடியின் உணவு வேர்கள் பெரும்பாலும் மேல் ஓரடிக்குள் ஓடுவதால், தண்டிலிருந்து இரண்டரை அடிக்குள் கரணை படக் கூடாது. காசு கண்ணில் பட்டதும் கையில் எடுக்கத் தோன்றும். அங்கேதான் நிற்க வேண்டும். கிடக்கிறபடியே, பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்து, மேலிருந்து ஒரு படமும் பக்கவாட்டில் ஒரு படமும் எடுங்கள். தரை மட்டத்திலிருந்து ஆழத்தை அளந்து எழுதுங்கள். ஜி.பி.எஸ். குறியீட்டை ஐந்து தசம இடம் வரை குறித்து, சர்வே எண்ணையும் சேருங்கள். சுற்றி ஓடு, கரி, சிட்டம், எலும்பு இருந்தால் அதையும் எழுதுங்கள்.

இவ்வளவு ஏன் என்ற கேள்விக்குக் கரூர் பதில் சொல்லும். அமராவதி ஆற்று மணலை அரித்து எடுத்த சேரர் காசுகள் ஏராளம். மாக்கோதை என்று பெயர் பொறித்த வெள்ளிக் காசுகூட உண்டு. பெயர் தெரிகிறது, முகம் தெரிகிறது. ஆனால் மணலில் உருண்டு வந்த காசுக்கு மண்ணடுக்கு இல்லை, கூடக் கிடந்த பானை இல்லை. அதனால் காலத்தைப் பற்றிய வாதம் நீண்டுகொண்டே போகிறது. இதற்கு நேர்மாறான உதாரணம் ஏற்காட்டிலேயே இருக்கிறது. இந்தியத் தொல்பழங்கால ஆய்வைத் தொடங்கிவைத்த நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட் ஓய்வுக்காலத்தில் வாழ்ந்தது இங்கேதான், அவருடைய நினைவுச் சின்னமும் இங்கேதான். சேர்வராயன் மலையின் புதிய கற்காலக் கற்கோடரிகளை அவர் கிடைத்த இடத்தின் பெயரோடு குறித்துவைத்தார். 1904இல் சென்னை அருங்காட்சியகம் அவருடைய சேகரிப்பை வாங்கியது. நூறாண்டு கடந்தும் அவை பயன்படுவதற்குக் காரணம் அந்தக் குறிப்புதான். இடம் தெரியாத காசு விலைக்கு உதவலாம், வரலாற்றுக்கு உதவுவது அரிது.

மலைச் சரிவில் ஆழத்தை வைத்து வயதைச் சொல்ல முடியாது. மழையில் மேல் மண் இறங்கி வந்து படித்தளத்தின் கீழ் ஓரத்தில் குவியும். அங்கே இரண்டடி ஆழத்தில் 1943இன் ஓட்டைக் காலணா கிடக்கலாம். மேட்டில் மண் அரித்துப்போன இடத்தில் சோழர் காசே புல்லடியில் கிடக்கலாம். அதனால்தான் சரிவின் மேற்பகுதியா, கீழ் ஓரமா என்பதையும் குறிப்பில் எழுத வேண்டும். ஒரே குழியில் இரண்டாவது காசோ பானை விளிம்போ தெரிந்தால் கரணையைக் கீழே வையுங்கள். அது தவறி விழுந்த சில்லறையாக இல்லாமல், யாரோ ஒளித்து வைத்ததாக இருக்கலாம். பானைக்குள் காசுகள் இருக்கும் வரிசையும், மூடியிருந்த துணியின் இழையும் தொல்லியல் துறையினர் பார்க்க வேண்டியவை.

காசை அடையாளம் காண 0.01 கிராம் காட்டும் தராசு, விட்டம் அளக்கும் காலிப்பர், காந்தம், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஆகியவை வேண்டும். முதல் பார்வையில் வட்டம் எவ்வளவு துல்லியம் என்று பாருங்கள். விளிம்பு சுத்தமான வட்டமாக இருந்தால் இயந்திரத்தில் அடித்தது. சென்னை மாகாணத்துக்காக 1803லும் 1808லும் பர்மிங்காமின் சோஹோ ஆலையில் நீராவி எந்திரத்தில் அடித்த கம்பெனிக் காசுகள் இந்த வகை. 20 காசு மதிப்புள்ள நாணயம் ஏறக்குறைய 31 மி.மீ. அகலமும் 9.3 கிராம் எடையும், 10 காசு மதிப்புள்ளது அதில் பாதி எடையும் இருக்கும். ஒரு பக்கம் கம்பெனியின் சின்னம், மறு பக்கம் பாரசீக எழுத்தும் மதிப்பும். 80 காசு ஒரு பணம், 42 பணம் நட்சத்திர வராகன் என்ற ஒரு தங்கக் காசு என்பது அந்தக் காலக் கணக்கு. 1835க்குப் பிந்தைய காலணா 6.47 கிராம், வெள்ளி ரூபாய் 11.66 கிராம். எடை இதிலிருந்து கணிசமாகக் குறைந்தால் தேய்மானமா, போலியா, மண் தின்றதா என்று பார்க்க வேண்டும்.

வட்டம் கோணலாக, தடித்து, ஒரு பக்கம் யானை நின்றால் அது திப்புவின் செம்புப் பைசாவாக இருக்கலாம். முழுப் பைசா 11 கிராம் அளவு கனக்கும். யானை முதுகின் மேலே உள்ள இலக்கங்களை லென்ஸில் பாருங்கள். ஆட்சியின் தொடக்க ஆண்டுகளில் ஹிஜ்ரி ஆண்டு போட்டார்கள், இலக்கங்கள் இடமிருந்து வலம். 1787 முதல் நபிகளின் பிறப்பிலிருந்து எண்ணும் மௌலூதி ஆண்டு வந்தது, இலக்கங்கள் வலமிருந்து இடம். 1224 என்று படித்தால் அதோடு 572ஐக் கூட்டுங்கள், 1796 வரும். இங்கேதான் ஒரு காசு பேசத் தொடங்குகிறது. ஹிஜ்ரி 1200 போட்ட பைசா 1785–86இல் அடித்தது, அப்போது சேலம் திப்புவின் கையில். 1796இல் அடித்ததோ சேலம் கம்பெனிக்குப் போய் நான்கு ஆண்டு கழிந்த பிறகு பிறந்தது. அது ஏற்காட்டுச் சரிவில் கிடைத்தால், எல்லை மாறிய பின்பும் மைசூர்ச் சில்லறை இங்கே வந்து சேர்ந்தது என்று பொருள். அதோடு ஒரு கம்பெனிக் காசும் ஒரே இடத்தில் கிடந்தால், இரண்டும் ஒரே மடியிலிருந்து விழுந்திருக்கவும் கூடும். இலக்கம் நின்ற திசையை வைத்து இத்தனையும் சொல்ல முடிகிறது. அந்த இலக்கத்தைத்தான் புளி போட்டுத் தேய்ப்பவர் முதலில் அழிக்கிறார்.

மைசூரின் கண்டீரவப் பணம் தங்கத்தில் வரும். சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிது, 0.35 கிராம் அளவு. ஒரு பக்கம் புள்ளிகளாலான நரசிம்மர், மறு பக்கம் மூன்று வரி நாகரி எழுத்து. இதை மண்ணோடு சேர்த்து வீசிவிடுவது எளிது, ஆகவே பெயர்த்த மண்ணை 2 மி.மீ. சல்லடையில் சலித்தே தீர வேண்டும். சோழர் செம்புக் காசில் ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறு பக்கம் அமர்ந்த உருவத்தின் பக்கத்தில் ஸ்ரீ ராஜராஜ என்று நாகரியில். இலங்கை மன்னர்களும் இதே வடிவத்தைப் பின்பற்றியதால், எழுத்தைப் படிக்காமல் ராஜராஜன் காசு என்று சொல்லிவிடக் கூடாது.

போலிகளைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ராமர் பட்டாபிஷேகமும் அனுமாரும் பொறித்து 1818 என்று ஆண்டு போட்ட அரையணாவைக் கம்பெனி எந்த ஆலையிலும் அடித்ததில்லை. இதைக் காட்டி அரிசியை இழுக்கும் சக்தி உண்டு, இரிடியம் கலந்திருக்கிறது, வெளிநாட்டில் கோடிக்கு விலை போகும் என்று பேசுகிறவர்கள் மோசடிக்காரர்கள். ரைஸ் புல்லிங் மோசடியில் வீட்டை விற்றவர்கள் இந்தப் பக்கத்தில் உண்டு. அந்தப் பேச்சு எழுந்தவுடன் போலீஸுக்குப் போவதே சரி.

மலை மண் புளிப்பு மண், மழையும் அதிகம். அதனால் செம்பு இங்கே சமவெளியைவிட வேகமாகக் கரைகிறது. காபித் தோட்டத்தில் இன்னொன்றும் சேர்கிறது. உரமாக இடும் பொட்டாசில் குளோரைடு உண்டு. அது செம்புக்குள் இறங்கினால், காசு வெளியே வந்து காற்றின் ஈரம் பட்டதும் வெளிர்பச்சைப் பொடியாக உதிரத் தொடங்கும். கெட்டியான கரும்பச்சைப் படலம் காசைக் காக்கும், விரலில் ஒட்டும் வெளிர்பச்சைப் பொடி காசைத் தின்னும். இரண்டையும் பிரித்தறிய வேண்டும். பொடி தெரிந்தால் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வைத்து, மற்றக் காசுகளிடமிருந்து தள்ளி வையுங்கள். மற்றபடி செய்யக்கூடியது கொஞ்சம்தான்: காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, ஒவ்வொரு நாளும் நீரை மாற்றி, மூங்கில் குச்சியால் மண்ணை மட்டும் நெகிழ்த்துவது. புளி, எலுமிச்சை, பீதாம்பரி, பல்பொடி எதுவும் வேண்டாம். உலர்ந்ததும் காகித உறையில் வையுங்கள், மலிவான பிளாஸ்டிக் உறை நாளடைவில் காசைப் பச்சையாக்கும்.

இனி சட்டம். 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்த மதிப்புள்ள எதுவும் புதையல். மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்: என்ன கிடைத்தது, தோராய மதிப்பு, எங்கே, எந்தத் தேதியில். பொருளை அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும், அல்லது கேட்கும்போது காட்டுவதாகப் பிணை தர வேண்டும். உரிமை கோருவோருக்குக் கலெக்டர் அறிவிப்பு வெளியிட்டு, நான்கு மாதத்துக்குக் குறையாமல் ஆறு மாதத்துக்கு மிகாமல் ஒரு நாளைக் குறிப்பார். உரியவர் இல்லை என்று முடிவானால், வேறு உடன்பாடு இல்லாதபோது கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. அரசு விரும்பினால் உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். மறைத்தால் பங்கு போய்விடும், ஓராண்டு வரை சிறையும் உண்டு. நூறாண்டு கடந்த காசு 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைக் கருவூலச் சட்டப்படி தொல்பொருளும் ஆகும். தனியார் யாரும் அதை நாட்டைவிட்டு அனுப்ப முடியாது.

ஒற்றைக் காசுக்கு இவ்வளவு எதற்கு என்று தோன்றினாலும் தெரிவித்துவிடுவது நல்லது. கிராமத்தில் கிராம நிர்வாக அலுவலரிடம் எழுதிக் கொடுத்தால் அது தாசில்தார் வழியாகக் கலெக்டர் அலுவலகம் போகும். ஒப்படைக்கும்போது ஒப்புகைச் சீட்டில் "பழைய காசு – 1" என்று மட்டும் எழுத விடாதீர்கள். உலோகம், எடை, விட்டம், இரு புறமும் உள்ள உருவம், சர்வே எண், ஆழம் எல்லாவற்றையும் எழுதச் சொல்லி, இரு புறப் படத்தின் நகலிலும் அலுவலரின் கையொப்பமும் தேதியும் வாங்கி, ஒரு பிரதியை நீங்கள் வைத்துக்கொண்டு மற்றொன்றைக் காசு இருக்கும் உறைக்குள்ளேயே போடுங்கள்.